போட்டிக் கைத்துப்பாக்கியின் சுடுவிசையும் குறிகளும்

போட்டிக் கைத்துப்பாக்கியின் சுடுவிசையும் குறிகளும் என்பவை, குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் பயன்படும் கைத்துப்பாக்கியில் வீரர் தமது கைக்கும் கண்ணுக்கும் ஏற்பச் சீரமைத்துக்கொள்ளும் இரண்டு முதன்மையான உறுப்புகள் ஆகும். சுடுவிசை என்பது பேச்சு வழக்கில் டிரிகர் எனப்படும் பகுதி. குறிகள் என்பவை குழலின் முன்முனையில் உள்ள முன்குறியும், கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறியும் ஆகும். குழலின் தரமும் குண்டின் தரமும் இன்று ஏறத்தாழ எல்லா முன்னணி வீரர்களுக்கும் ஒரே அளவில் கிடைக்கின்றன. ஆகவே வெற்றி தோல்வியைப் பிரிக்கும் சிறு வேறுபாடு பெரும்பாலும் இவ்விரு உறுப்புகளிலும், அவற்றைக் கையாளும் பயிற்சியிலுமே தங்கியுள்ளது.

இக்கட்டுரை ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியை முதன்மையாக எடுத்துக்கொண்டு விளக்குகிறது.

பின்னணி

கைத்துப்பாக்கி சுடுதல் 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்றது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி, ஆடவர் மகளிர் இரு பிரிவினருக்கும் 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இவ்விளையாட்டின் விதிகளை 1907ஆம் ஆண்டு தோன்றிய பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு வகுக்கிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் இதனை நிருவகிக்கிறது.

விதிகள் வகுக்கும் எல்லை

வீரர் தம் விருப்பம்போல் துப்பாக்கியை மாற்றிவிட இயலாது. ஒவ்வொரு போட்டி வகைக்கும் தனித்தனி வரம்புகள் உள்ளன.

• 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி: குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ. சுடுவிசையின் இழுவை எடை குறைந்தது 500 கிராம். துப்பாக்கியின் மொத்த எடை 1500 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். 420 x 200 x 50 மி.மீ அளவுள்ள பெட்டிக்குள் துப்பாக்கி முழுவதும் அடங்க வேண்டும்.
• 25 மீட்டர் கைத்துப்பாக்கி: இழுவை எடை குறைந்தது 1000 கிராம். மொத்த எடை 1400 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவு 220 மி.மீக்கு மிகக் கூடாது.
• 50 மீட்டர் கைத்துப்பாக்கி: இழுவை எடைக்குக் கீழ்வரம்பு இல்லை. இப்போட்டி 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்குடன் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

25 மீட்டர் விரைவுச் சுடுதல் போட்டியில் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை மிக மென்மையான சுடுவிசையும் வலுக்குறைந்த குட்டைத் தோட்டாவும் பயன்பட்டன. அதன் பின்னர் விதி மாற்றப்பட்டு, 1000 கிராம் வரம்பும் வழக்கமான .22 நீளத் தோட்டாவும் கட்டாயமாயின. புதிய விதியின்கீழ் நடந்த 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த விசய் குமார் இப்போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

எல்லா வகைகளிலும் திறந்த குறிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. தொலைநோக்கி, ஆடி, லேசர் ஆகியவற்றைத் துப்பாக்கியில் பொருத்தக் கூடாது. பார்வைக் குறையைச் சரிசெய்யும் கண்ணாடியை வீரர் அணியலாம். அதைத் துப்பாக்கியில் பொருத்தக் கூடாது.

சுடுவிசை

செயல்படும் முறை

போட்டிக் கைத்துப்பாக்கியின் சுடுவிசை பொதுவாக இரண்டு நிலைகளில் இயங்கும். விரலை அழுத்தத் தொடங்கியதும் விசை சிறிது தூரம் தடையின்றி நகர்வது முதல் நிலை. பின்னர் விரலுக்குத் தெளிவாகத் தெரியும் ஒரு தடை வரும். அத்தடையைக் கடந்ததும் உள்ளிருக்கும் கொக்கி விடுபட்டுச் சுத்தி பாய்ந்து காற்றடைப்பைத் திறக்கிறது. இது இரண்டாம் நிலை. 500 கிராம் எடையில் பெரும்பகுதியை முதல் நிலைக்கும், எஞ்சிய சிறு பகுதியை இரண்டாம் நிலைக்கும் ஒதுக்குவது பலரின் வழக்கம். இதனால் குறி நிலைப்படும் நேரத்தில் விரல் கூடுதலாகத் தர வேண்டிய அழுத்தம் மிகக் குறைவாகவே இருக்கும்.

காற்றுக் கைத்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அதன் எடையில் பாதியளவு அழுத்தத்தை ஒற்றை விரலால், துப்பாக்கி அசையாதவாறு நேர் பின்னோக்கித் தர வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் அடிப்படைச் சிக்கல் ஆகும். விரல் சற்றே பக்கவாட்டில் தள்ளினாலும் குழல் திரும்பிவிடும்.

சீரமைக்கும் இடங்கள்

பெரும்பாலான போட்டிக் கைத்துப்பாக்கிகளில் பின்வருவனவற்றைச் சிறு திருகாணிகள் மூலம் மாற்றலாம்.

• விரல் படும் தகட்டின் இடம்: முன்னும் பின்னும் நகர்த்தலாம், சிலவற்றில் பக்கவாட்டிலும் திருப்பலாம். சுட்டுவிரலின் முதற்கணு தகட்டின் நடுவில் படுமாறு வைப்பது வழக்கம்.
• முதல் நிலையின் தூரமும் எடையும்.
• இரண்டாம் நிலையின் எடை.
• கொக்கிகள் ஒன்றன்மீது ஒன்று பற்றியிருக்கும் அளவு: இது கூடினால் விசை இழுபட்டு நகர்வதுபோல் தோன்றும். அளவுக்கு மீறிக் குறைந்தால் துப்பாக்கி சிறு அதிர்விலேயே தானாக வெடிக்கக்கூடும். ஆகவே இத்திருகாணியைத் தொடுமுன் உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்ப்பதும், குண்டு இல்லாமல் சோதிப்பதும் இன்றியமையாதவை.
• விடுபட்ட பின் விசை நகரும் தூரம்: இதனை நிறுத்தும் திருகாணி, விரல் பின்சுவரில் மோதித் துப்பாக்கியை அசைப்பதைக் குறைக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு திருகாணியை மட்டும், கால் சுற்று அளவில் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. பல திருகாணிகளை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பதை அறிய முடியாது. பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது.

எடைச் சோதனை

போட்டிக்கு முன் நடுவர்கள் சுடுவிசையைச் சோதிக்கின்றனர். குழலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, 500 கிராம் எடைக்கல்லை விசையில் மாட்டித் தரையிலிருந்து தூக்குவர். காற்று அடைபட்ட நிலையில், விசை விடுபடாமல் எடைக்கல் மேலெழும்ப வேண்டும். போட்டி முடிந்த பின்னரும் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பது உண்டு. அதில் தவறினால் அன்று எடுத்த புள்ளிகள் எவ்வளவாயினும் வீரர் தகுதி இழப்பார். எடையைச் சரியாக 500 கிராமில் வைக்காமல் சில கிராம் கூடுதலாக வைக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே.

மின்னணுச் சுடுவிசை

சில கைத்துப்பாக்கிகளில் கொக்கிகளுக்குப் பதிலாக ஒரு சிறு மின்சுவிட்சும், மின்கலமும், வரிச்சுருளும் உள்ளன. விசை சுவிட்சைத் தொட்டதும் வரிச்சுருள் காற்றடைப்பைத் திறக்கிறது. உராயும் கொக்கிகள் இல்லாததால் விசையின் உணர்வு நாள்தோறும் ஒரே மாதிரி இருக்கும். எனினும் மின்கலம் தீர்ந்தாலோ சுற்று பழுதுபட்டாலோ துப்பாக்கி இயங்காது. விதிகளின்படி மின்கலமும் பிற பாகங்களும் துப்பாக்கியினுள் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

குறிகள்

அமைப்பு

பின்குறி என்பது நடுவில் சதுர வடிவப் பள்ளம் கொண்ட ஒரு தகடு. முன்குறி என்பது நேர்மேடான ஒரு கட்டை. முன்குறியின் மேல்விளிம்பு பின்குறியின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க, இருபுறமும் சம அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். பள்ளத்தின் அகலத்தைத் திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் முடியும். முன்குறியையும் வெவ்வேறு அகலங்களில் மாற்றிக்கொள்ளலாம். வெளிச்ச இடைவெளி மிகக் குறுகினால் கண் களைப்படையும். மிக அகன்றால் நடுநிலை தவறுவது தெரியாது.

மனிதக் கண் ஒரே நேரத்தில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் தெளிவாகக் காண இயலாது. முன்குறியைத் தெளிவாகவும் இலக்கை மங்கலாகவும் காண்பதே பயிற்றுநர்கள் கற்பிக்கும் முறை. இலக்கின் கருவட்டத்தின் நடுவில் குறி வைக்காமல், அதன் கீழுள்ள வெண்பகுதியில் குறி வைப்பது பெரும்பான்மை வழக்கம். கரிய முன்குறி கரிய வட்டத்தில் மறைந்துவிடாமல் இருப்பதே இதன் காரணம்.

கணக்கு

10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ, கருவட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ. அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே ஆரத்தில் 8 மி.மீ இடைவெளி உள்ளது.

முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 320 மி.மீ தொலைவு உள்ள ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 10,000 மி.மீயை 320 மி.மீயால் வகுத்தால் ஏறத்தாழ 31 கிடைக்கும். அதாவது முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மி.மீ விலகினால் குண்டு இலக்கில் 31 மி.மீ விலகும். கால் மில்லிமீட்டர் விலகினாலே ஒரு வளையம் தவறிவிடும். மாறாக, குறிகள் ஒரே கோட்டில் இருக்க, கை முழுவதும் 3 மி.மீ இணையாக நகர்ந்தால் குண்டும் 3 மி.மீ மட்டுமே நகரும். கையின் நடுக்கத்தைவிடக் குறிகளின் ஒழுங்கே முதன்மையானது என்று கூறுவதன் காரணம் இதுதான்.

குறிகளைத் திருத்தும் முறை எளிது. குண்டுகள் எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையில் பின்குறியை நகர்த்த வேண்டும். குண்டுகள் இடப்புறம் குவிந்தால் பின்குறியை வலப்புறமும், கீழே குவிந்தால் மேல்நோக்கியும் நகர்த்த வேண்டும். ஆனால் ஒற்றைக் குண்டை வைத்துத் திருத்தக் கூடாது. ஐந்து அல்லது பத்துக் குண்டுகள் ஓரிடத்தில் குவிகின்றனவா என்று பார்த்த பின்னரே திருத்த வேண்டும். சிதறிய குண்டுகள் குறியின் பிழையைக் காட்டவில்லை. அவை பெரும்பாலும் விசையைக் கையாள்வதிலுள்ள பிழையையே காட்டுகின்றன.

மனு பாக்கரின் நிகழ்வு

கருவியின் நிலை ஒரு வீரரின் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இந்திய வீராங்கனை மனு பாக்கரின் இரண்டு ஒலிம்பிக் போட்டிகள் எடுத்துக்காட்டாகும்.

கொரோனா தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 சூலை 25 அன்று மகளிர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்று நடைபெற்றது. சுற்றின் நடுவே அவரது துப்பாக்கியை ஆயத்தப்படுத்தும் நெம்புகோல் உடைந்தது. அதனைச் சரிசெய்து அவர் திரும்பியபோது 44 குண்டுகள் மீதமிருந்தன; நேரம் 36 நிமிடங்களே இருந்தது. கூடுதல் நேரம் வழங்கப்படவில்லை. அவர் 600க்கு 575 புள்ளிகள் பெற்று 12ஆம் இடத்தைப் பிடித்தார். இறுதிச் சுற்றுக்குச் செல்லும் எட்டாம் இடத்திற்கு 577 புள்ளிகள் தேவைப்பட்டன. இரண்டு புள்ளிகளில் வாய்ப்புத் தவறியது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 2024 சூலை 28 அன்று பாரிசு ஒலிம்பிக்கின் அதே போட்டியில் அவர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவர் வெளியேறிய நிலையில் இரண்டாம் இடத்தில் இருந்த கொரிய வீராங்கனைக்கும் அவருக்கும் இடையே 0.1 புள்ளியே வேறுபாடு. இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. மேற்கூறிய கணக்கின்படி அது குறிகளில் ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்குக்குச் சமம். இரு நாட்களுக்குப் பின் சரப்சோத் சிங்குடன் இணைந்து கலப்பு இரட்டையரிலும் அவர் வெண்கலம் வென்றார். அவரது பயிற்றுநர் சசுபால் ராணா, 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைத்துப்பாக்கிப் பிரிவில் மூன்று தங்கம் வென்றவர்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ரைபிள் சங்கங்கள் வழியாக இவ்விளையாட்டு நடைபெறுகிறது. 2022 சூலையில் காவிரிக்கரை நகரான திருச்சிராப்பள்ளியில் 47ஆவது மாநிலத் துப்பாக்கி சுடுதல் போட்டி நடைபெற்றது. அதில் நடிகர் அஜித் குமார் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் பங்கேற்றுப் பதக்கங்கள் வென்றது பொதுமக்களின் கவனத்தை இவ்விளையாட்டின்பால் ஈர்த்தது.

குத்தாலம் போன்ற காவிரிப் படுகைச் சிற்றூர்களில் இருப்பவர்கள் சுடுதளத்திற்கு நகரங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கலாம். எனினும் சுடுவிசைப் பயிற்சியின் பெரும்பகுதிக்குக் குண்டோ இலக்கோ தேவையில்லை. குண்டு இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, வெள்ளைச் சுவரை நோக்கி நின்று விசையை அழுத்திப் பழகுவது வெற்றுச் சுடுதல் எனப்படும். விசை விடுபடும் கணத்தில் முன்குறி அசைகிறதா என்பதை இதில் தெளிவாகக் காணலாம். இலக்கு இல்லாததால் கண் முழுவதும் குறிகளிலேயே நிலைக்கும். முன்னணி வீரர்களும் இப்பயிற்சியை நாள்தோறும் மேற்கொள்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

• குறி பார்த்துச் சுடுதல்
• காற்றுத் துப்பாக்கி
• மனு பாக்கர்
• ஒலிம்பிக்கில் இந்தியா