செற்றமும் மறதியும்: சயாம் – பர்மா இரயில் பாதை நினைவில் மூன்று சமூகங்கள்

ஆய்வுச்சுருக்கம்

போரில் எதிர்நின்றவர் மீதான பகையுணர்வு, போர் முடிந்து பல்லாண்டுகள் கடந்த பின்னும் அடுத்தடுத்த தலைமுறைகளில் நீடிப்பதுண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படையினரால் துன்புற்ற பிரித்தானியப் போர்க்கைதிகள், மலாயா – சிங்கப்பூர்ச் சீனர், மலாயாத் தோட்டத் தமிழர் ஆகிய மூன்று தரப்பினரிடையே அவ்வுணர்வு எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு மங்கியது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. பகையுணர்வின் ஆயுளைத் துன்பத்தின் அளவைக் காட்டிலும், அத்துன்பத்தைப் பதிந்துவைத்த ஏற்பாடுகளே தீர்மானிக்கின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சயாம் மரண இரயில், தோட்டத் தமிழர், போர்க்கைதிகள், கூட்டு நினைவு, செற்றம்.

முன்னுரை

தமிழில் சினம், வெகுளி, பகை, செற்றம், கறுவு எனச் சினம் சார்ந்த சொற்கள் பலவுள. இவற்றுள் சினம் உடன் தோன்றி உடன் தணிவது; செற்றம் நெடுங்காலம் மனத்துள் தங்குவது. தனிமனிதர் நெஞ்சில் தங்கும் செற்றம் அவரோடு மறையக்கூடும். ஒரு சமூகத்தின் செற்றமோ போரைக் காணாத பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் கையளிக்கப்படுகிறது. அக்கையளிப்பு எவ்வழியாக நிகழ்கிறது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவை ஆராயச் சயாம் – பர்மா இரயில் பாதை பொருத்தமான களமாகும். ஒரே படை, ஒரே பாதை, ஒரே காலம். ஆயினும் அங்குத் துன்புற்றோரின் நினைவு ஒரே வகையில் அமையவில்லை. மலாயாவில் அதே படையினரால் கொல்லப்பட்ட சீனரின் நினைவையும் உடன்வைத்து நோக்கின் வேறுபாடு மேலும் தெளிவாகும்.

பாதையும் உழைப்பும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற தம் படைக்குத் தரைவழியே தளவாடங்களை அனுப்ப, தாய்லாந்தின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கி.மீ. நீளப் பாதையை ஜப்பானியர் அமைத்தனர். 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர்.

ரோமுஷா என ஜப்பானியர் அழைத்த ஆசியத் தொழிலாளரின் தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. பர்மியர், மலாயாத் தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என இரண்டு இலட்சம் பேரளவில் இருந்த இவர்களுள் இறந்தோரின் எண்ணிக்கையை மதிப்பீடாகவே கூற முடிகிறது. அம்மதிப்பீடுகளும் எழுபதாயிரத்திலிருந்து ஓர் இலட்சம் வரை வேறுபடுகின்றன. மலாயாவிலிருந்து சென்றவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

மேலைநாட்டுச் சந்தை அறுபட்டதால் இரப்பர்த் தோட்டங்களில் வேலை இல்லாத காலம் அது. குறுகிய கால வேலை, நாட்கூலி, உணவு என ஆசைகாட்டி முதலில் ஆள் சேர்த்தனர். சென்றவர் திரும்பாமை கண்டு மக்கள் மறுக்கத் தொடங்கியதும் வலிந்து பிடித்தனர். இலவசத் திரைப்படக் காட்சிக்கு என அழைத்து, அங்கிருந்தே இரயிலேற்றிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.

1943இன் பருவமழைக் காலத்தில் காலரா பரவியபோது இரு தரப்பினரின் நிலையும் வேறாயிருந்தது. போர்க்கைதிகளிடம் பட்டாளக் கட்டுப்பாடும், அவர்களோடு சிறைப்பட்ட மருத்துவர்களும் இருந்தனர். தொழிலாளர் முகாம்களில் இவ்விரண்டும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து அவ்வாண்டு அனுப்பப்பட்ட மருத்துவக் கைதிக் குழுக்களும் பரந்து கிடந்த அம்முகாம்களுக்குப் போதுமானவையாக இல்லை. இவ்வேறுபாடு சாவின் அளவோடு நிற்கவில்லை. கைதிகளின் அதிகாரிகள் இறந்தோர் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்துவைத்தனர். தொழிலாளருக்காக அவ்வாறு குறித்துவைக்க எவருமில்லை.

கைதிகளின் செற்றம்

போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டு கல்லறைகள் தேடப்பட்டன. இன்று காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் கொண்ட போர்க்கல்லறை உள்ளது. சுங்கை, தான்பியூசயாட் ஆகிய இடங்களிலும் இத்தகைய கல்லறைகள் உள்ளன. அடையாளம் காணப்பட்டோரின் பெயர், பிரிவு, இறந்த நாள் ஆகியன கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

திரும்பிய கைதிகள் சங்கங்களாகத் திரண்டனர். 1951இன் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை இழப்பீட்டு உரிமைகளைப் பெரிதும் விட்டுக்கொடுத்தது. அதன்வழி ஒரு பிரித்தானியக் கைதிக்குக் கிடைத்தது சுமார் 76 பவுன். இத்தொகை மனக்காயத்தை ஆற்றவில்லை, கிளறியது. 1971இல் பேரரசர் ஹிரோஹித்தோ இலண்டனில் நட்ட மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டது. 1998இல் அவர் மகன் அகிஹித்தோவின் ஊர்வலம் சென்றபோது முதிய கைதிகள் முதுகைத் திருப்பி நின்றனர். போர் முடிந்து 53 ஆண்டுகள் கடந்திருந்தன. வந்தவர் போர்க்காலத்தில் சிறுவராக இருந்தவர். எனினும் செற்றம் தந்தையிடமிருந்து மகன்மேல் இடம்பெயர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசே, எஞ்சியிருந்த கைதிகளுக்கும் இறந்தோரின் மனைவியருக்கும் தலா 10,000 பவுன் வழங்க முன்வந்தது.

இதே சூழலில் மன்னிப்பும் சாத்தியமாயிற்று என்பது கருதத்தக்கது. காஞ்சனபுரியில் வதைக்கப்பட்ட எரிக் லோமாக்ஸ், அவ்விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷியை 1993இல் நேரில் கண்டு பகை தீர்ந்தார். மன்னிப்பதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். குற்றம் இன்னதென்ற பதிவும் வேண்டும். இவருக்கு இரண்டும் கிடைத்தன.

குருதிக்கடன்

சிங்கப்பூர் வீழ்ந்த சில நாள்களிலேயே சீன ஆடவரை வடிகட்டிக் கொல்லும் 'சூக் சிங்' நடவடிக்கை தொடங்கியது. மலாயா – சிங்கப்பூர்ச் சீனர்மீது ஐந்து கோடி வெள்ளி 'நன்கொடை'யும் சுமத்தப்பட்டது. 1962இல் சிங்கப்பூரில் கூட்டுப் புதைகுழிகள் வெளிப்பட்டபோது சீன வர்த்தகச் சபை முன்னின்று எலும்புகளைத் திரட்டியது. 1963 ஆகஸ்டில் நடந்த பெருந்திரள் கூட்டத்தில் 'குருதிக்கடன்' தீர்க்கப்படவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1966இல் ஜப்பான் பாதி கொடையாகவும் பாதி கடனாகவும் ஐந்து கோடி சிங்கப்பூர் வெள்ளி தர இசைந்தது. 1967 பிப்ரவரி 15 அன்று பொதுமக்கள் போர் நினைவகம் திறக்கப்பட்டது. அதன் நான்கு தூண்கள் சிங்கப்பூரின் நான்கு சமூகத்தினரையும் குறிப்பன.

இங்கும் செற்றத்தைத் தாங்க ஓர் அமைப்பு இருந்தது. வர்த்தகச் சபை, குலச்சங்கங்கள், சீனமொழி நாளிதழ்கள் ஆகியன தனித்தனிக் குடும்பத் துயரை ஒரு சமூகத்தின் கணக்காக்கின. 'கடன்' என்ற சொல்லே அதற்குச் சான்று. கடனெனின் கொடுத்தவர், பட்டவர், தொகை ஆகியன உண்டு. கடனைத் தீர்க்கவும் இயலும்.

முகவரியற்ற துயர்

தோட்டத் தமிழருக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் பிரித்தானிய இந்தியக் குடிகளாக மலாயாவில் வாழ்ந்தவர்கள். அவர்கள் பொருட்டு இழப்புக் கோரும் கடப்பாடு எந்த அரசுக்கு உரியது என்பதே தெளிவற்றிருந்தது. சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தியா பங்கேற்கவில்லை. 1952 ஜூன் 9 அன்று ஜப்பானுடன் தனி உடன்படிக்கை செய்து, இழப்பீட்டு உரிமைகள் அனைத்தையும் கைவிட்டது. மலேசியா 1967இல் ஜப்பானுடன் செய்த உடன்பாட்டின்படி இரு சரக்குக் கப்பல்களைப் பெற்றது. தனிமனிதர் கைக்கு அதனால் எதுவும் வரவில்லை. 1982இல் 'கிழக்கை நோக்கு' கொள்கை ஜப்பானை முன்மாதிரியாக்கியது. 1994இல் பிரதமர் மகாதீர், ஐம்பதாண்டுகளுக்கு முந்தைய போருக்காக ஜப்பான் இன்னும் ஏன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது என ஜப்பானியப் பிரதமர் முராயாமாவிடம் வினவினார். பாதிக்கப்பட்டோரின் பிள்ளைகளைக் கேளாமலே அவர்கள் சார்பில் கணக்கு முடிக்கப்பட்டது.

இறந்தோருக்குக் கல்லறையும் இல்லை. காஞ்சனபுரியில் 1944இல் ஜப்பானியப் படையினர் எழுப்பிய நினைவுத்தூணில் பிற மொழிகளோடு தமிழிலும் வாசகம் உண்டு. இறந்த தமிழருக்குத் தமிழில் முதலில் கல் நாட்டியவர்கள் அவர்களை இறக்கச் செய்தவர்களே என்பது வரலாற்றின் கசப்பான முரண். 1990இல் காஞ்சனபுரிக் கரும்புத் தோட்டமொன்றில் தொழிலாளருடையனவாகக் கருதப்படும் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றற்கும் பெயர் சூட்ட இயலவில்லை.

இரட்டை நினைவு

தமிழர் நினைவைச் சிக்கலாக்கிய மற்றொரு காரணி இந்திய தேசிய இராணுவம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். அதே மாதங்களில்தான் இரயில் பாதையில் காலரா உச்சத்தில் இருந்தது. ஒரு குடும்பத்தில் மூத்தவர் சயாமுக்கும் இளையவர் பாசறைக்கும் செல்லக்கூடிய காலம் அது. ஜப்பானியர் ஒருபுறம் கொடியவர், மறுபுறம் இந்திய விடுதலைக்குத் துணைநின்றவர். பொதுமேடையில் பேசத்தக்கதாக இரண்டாவது நினைவே நின்றது. போஸின் படங்கள் வீட்டுச் சுவர்களில் இடம்பெற்றன. சயாம் சென்றவரின் பெயர் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஆகவே செற்றம் அழிந்தது எனல் பொருந்தாது, அது திசைமாறியது. ஐரோப்பியத் துரைமார் ஓடிய பின் தோட்டங்களை நடத்திய கிராணிகளும் கங்காணிகளும் ஜப்பானியர் கேட்ட எண்ணிக்கைக்கு ஆள் காட்ட நேர்ந்தது. ஜப்பானியர் போரோடு வெளியேறினர். பெயர் எழுதிக் கொடுத்தவரோ அதே தோட்டத்தில், அடுத்த வரிசையில் வாழ்ந்தார். கைக்கெட்டாத எதிரியை விடக் கண்முன் நின்றவர் மீதே மனத்தாங்கல் படிவது இயல்பு. அது பொதுவெளியில் உரைக்க இயலாத பகை. உரைத்தால் சமூகம் தன்னையே குற்றஞ்சாட்ட வேண்டும்.

இம்மௌனத்தை இலக்கியமே முதலில் உடைத்தது எனலாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் வெளிவந்த நாவல்கள். கைதிகளின் நினைவுநூல்கள் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே வரத்தொடங்கிய நிலையில், இவை அரைநூற்றாண்டு தாழ்த்தி வந்தமை நோக்கத்தக்கது. அண்மையில் மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல்லும் நிறுவப்பட்டுள்ளது.

முடிவுரை

மூன்று சமூகங்களையும் ஒப்பிட்டு நோக்க, செற்றம் தலைமுறை கடந்து வாழ்வதற்குப் பெயர்ப்பட்டியல், கல்லறை, சங்கம், கோரிக்கையை ஏற்று நடத்தும் அரசு ஆகியன வேண்டியுள்ளன எனத் தெரிகிறது. செற்றம் தீர்வதற்கும் இவையே வேண்டியுள்ளன என்பது இவ்வாய்வில் பெறப்படும் முதன்மையான முடிவு. பதிவு இருந்த இடத்தில் 1998இன் முதுகு திருப்பலும் நிகழ்ந்தது, 1993இன் கைகுலுக்கலும் நிகழ்ந்தது.

தோட்டத் தமிழரிடம் ஜப்பானியர் மீதான வெளிப்படையான பகை இன்று அரிதாகவே காணப்படுகிறது. இதனை மன்னிப்பு என்றும் பெருந்தன்மை என்றும் பாராட்டும் போக்கு ஏற்புடையதன்று. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் அறிந்து செய்யும் செயல். இங்கு நிகழ்ந்தது கேட்பாரின்மையால் நேர்ந்த மௌனம். அம்மௌனத்தைப் பகையாக மாற்றுவது வரலாற்றாய்வின் பணியன்று. தோட்டப் பதிவேடுகள், கப்பல் – இரயில் ஆவணங்கள், எஞ்சிய குடும்ப நினைவுகள் ஆகியவற்றிலிருந்து இயன்ற அளவு பெயர்களை மீட்பதே முதற்பணி. போரைக் கண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்ட நிலையில், அப்பணிக்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறுகியது. மன்னிப்பதா மறுப்பதா என்பதைப் பேரப்பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். எவர் பொருட்டு என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.