புதிர்வழியில் இட்ட குறிகள்



கிரேத்தத் தீவின் பழங்கதை ஒன்றை உங்களுட் பலர் அறிந்திருப்பீர்கள். மைனொஸ் மன்னனின் புதிர்வழி மாளிகையினுள், எருதின் தலையும் மனித உடலும் கொண்ட கொடிய உயிரொன்று அடைபட்டிருந்தது. அதனைக் கொல்லப் புகுந்த தீசியஸ் என்னும் வீரனுக்கு, மன்னன் மகள் அரியாட்னி ஒரு நூற்பந்தைக் கொடுத்தாள். வாயிலிற் கட்டிய அந்நூலைப் பற்றியே அவன் உயிருடன் மீண்டான் என்பது கதை.

நூல் வந்த வழியைக் காட்டும். ஆனால், இன்னும் செல்லாத வழி எது என்பதைக் காட்டாது. திரும்பும்போது நூலைச் சுற்றிக்கொண்டால், பார்த்த இடத்தின் சுவடும் மறைந்துவிடும். மாளிகை முழுவதையும் ஒரு மூலையும் விடாது பார்த்து முடிப்பது எவ்வாறு?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் திரேமோ என்னும் பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர். அவருடைய முறையைக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1882இல் தமது கணித விளையாட்டு நூலில் வெளியிட்டார். முறை மிக எளிது. ஒரு வழியாற் செல்லும் ஒவ்வொரு முறையும் அதிற் குறியொன்று இடுக. புதிய சந்தியை அடைந்தால், குறியில்லாத வழி ஏதேனும் ஒன்றிற் செல்க. புதிய வழியால் நடந்து பழைய சந்தியை அடைந்தால், உடனே வந்த வழியே திரும்புக. திரும்பி வந்த சந்தியிற் குறியற்ற வழி இருந்தால் அதிற் செல்க. இல்லையேல் ஒரு குறியுள்ள வழியாற் பின்வாங்குக. இரு குறி பெற்ற வழியில் ஒருபோதும் நுழையற்க.

இதன் நுட்பம் யாது? எந்த நேரத்திலும், ஒரே குறி பெற்ற வழிகள் வாயிலிலிருந்து நாம் நிற்கும் இடம் வரையுள்ள பாதையாகவே அமையும். அவையே அரியாட்னியின் நூல்! இரு குறி பெற்றவை பார்த்து முடிந்தவை. ஆகவே, வாயிலுக்கு மீண்டு, செல்ல வழியின்றி நிற்கும் வேளையில், ஒவ்வொரு வழியும் இருமுறை, திசைக்கு ஒருமுறையாக, நடக்கப்பட்டிருக்கும். 1895இல் காஸ்தோன் தரி என்பார் இதனினும் பொதுவான விதியொன்றை வெளியிட்டார்.

கணனி தோன்றியபின் இம்முறைக்குப் புதுவாழ்வு கிடைத்தது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாகிய வரைபுகளை ஆராய, 1972இல் றொபேட் தார்ஜன் 'ஆழமுதல் தேடல்' பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அவரும் ஜோன் ஹொப்குரொப்டும் இதனைக் கொண்டு, ஒரு வரைபைக் கோடுகள் வெட்டாமற் தாளில் வரையமுடியுமா என்பதை விரைந்து அறியும் வழியைக் கண்டனர். இருவருக்கும் 1986இல் டியூரிங் விருது வழங்கப்பட்டது.

கணனிக்கு இதனைக் கற்பிக்க வேண்டுவன மூன்று: ஒவ்வொரு புள்ளியின் அயற்புள்ளிகளின் பட்டியல், சென்ற புள்ளிக்கு ஒரு குறி, திரும்பும் வழியை நினைவில் வைக்கும் ஓர் அடுக்கு. கடைசியாக வைத்ததே முதலில் வெளிவரும் அவ்வடுக்குத்தான் நூல். செயல்முறை தன்னைத் தானே அழைக்குமாறு எழுதினால், அடுக்கைக் கணனியே பேணிக்கொள்ளும். ஆயினும் பாதை மிக நீளுமாயின் அதற்கென ஒதுக்கிய இடம் போதாமற்போகலாம். அப்போது அடுக்கை நாமே அமைத்தல் வேண்டும். குறியிட மறந்தாலோ, வட்டமான வழியிற் கணனி ஓயாது சுற்றிக்கொண்டேயிருக்கும்.

முழுப் படத்தையும் காணாதவனும், நின்ற இடத்திற் செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்தால், முழுவதையும் கண்டு மீளலாம். திரேமோவின் சிறு குறிகள் நமக்கு உணர்த்துவது இதுவே.