செப்பேடு முதல் சிறு கணினி வரை

குடிபாலா என்றால் பலருக்குத் தெரியாது. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர் என்று சொன்னால், அந்த வழியாக பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு நினைவு வரலாம். கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும். எங்கள் அகத்தில் பேச்சு தமிழ். பாட்டு பெரும்பாலும் தெலுங்கு.

அந்த அகத்தில் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு காலத்தில் வால்வு ரேடியோ இருந்தது. பிறகு அதே இடத்தில் டேப் ரிக்கார்டர், அதன் பிறகு ஸி.டி. பிளேயர். இன்று அதே தட்டில் சீட்டுக்கட்டை விடச் சற்றுப் பெரிதான ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஆனாலும் அது முழுமையான ஒரு கணினி. விடியற்காலை நாலரை மணிக்குத் தானாகவே ஸுப்ரபாதத்தைத் தொடங்குகிறது. 84 வயதான என் தாயார் அதைக் கணினி என்று ஒப்புக்கொள்வதில்லை. "ரேடியோ" என்றுதான் சொல்லுகிறார். ஒரு வகையில் அதுவும் சரிதான்.

பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ள நம் முன்னோர் எத்தனை விதமாக முயன்றார்கள், எதை வென்றார்கள், எதை இழந்தார்கள் என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. கதை தொடங்குவது எங்கள் ஊருக்கு வடக்கே, திருமலையில்.

ஸங்கீர்த்தன பண்டாரம்

தாள்ளபாக்கம் அன்னமாசார்யர் 1408-ல் பிறந்து 1503-ல் பரமபதித்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் இயற்றியவை 32,000 ஸங்கீர்த்தனங்கள் என்பது மரபு. அவருடைய குமாரர் பெத்த திருமலாசார்யர் காலத்தில் அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறு கல்லறையில் அந்த ஏடுகள் வைக்கப்பட்டன. அதற்குத்தான் ஸங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். பனை ஓலை செல்லரிக்கும்; செம்பு அரிக்காது. அந்தக் காலத்தில் இதைவிட உறுதியான சேமிப்பு இருந்திருக்க முடியாது.

ஆனால் பண்டாரத்தில் வைத்தது பண்டாரத்திலேயே தங்கிவிட்டது. 1816-ல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்ட காம்ப்பெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, பழைய இலக்கண நூல் கிடைக்கும் என்று நம்பித் திருப்பதிச் செப்பேடுகளை ஆராயச் செய்ததாகவும், அவை தெய்வத் துதிகளாகவே இருந்ததாகவும் தம் நூலில் எழுதியிருக்கிறார். பிறகு மேலும் நூறாண்டுகள் மௌனம். 1920-களில்தான் ஏடுகள் வெளியே வந்து ஆராயப்பட்டன. ஸாது சுப்ரமண்ய சாஸ்திரி, வேடூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்களின் உழைப்பால் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடலுக்கும் ராகத்தின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அன்னமாசார்யர் எந்த சக வருஷத்தில் பாடத் தொடங்கினார், எந்தத் திதியில் மறைந்தார் என்ற குறிப்பும் இருக்கிறது. ஆனால் ஸ்வரம் இல்லை. வார்த்தை நின்றது, பெரும்பாலான பாடல்களின் மெட்டு போய்விட்டது. ராள்ளபள்ளி சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்கள் புதிதாக மெட்டமைத்துக் கொடுத்ததால்தான் இன்று நாம் பாடுகிறோம், கேட்கிறோம். ஒரே கீர்த்தனத்தை இருவர் இரண்டு ராகத்தில் பாடக் கேட்டு வியப்பவர்கள் இந்தக் காரணத்தை நினைவில் கொள்ளலாம்.

மூன்றரை நிமிஷக் கச்சேரி

ஒலியை இசைத்தட்டில் பிடித்து வைக்கும் வித்தை இந்தியாவுக்கு வந்தது 1902-ல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை லண்டன் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் பதிவு செய்தார். 1908-ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷம்தான் இடம். முக்கால் மணி நேரம் ராகம் பாடும் வித்வான் அதை அரை நிமிஷத்தில் சுருக்க வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்துப் பெயரைத் தாங்கிய சித்தூர் சுப்ரமண்ய பிள்ளையும் இந்தத் தட்டுகளில் பாடியவர்தான். சுருக்கிப் பாடினார்களே என்று நாம் குறைப்படலாம். ஆனால் அந்த மூன்றரை நிமிஷமும் இல்லாவிட்டால் பல மகான்களின் குரலே நமக்குத் தெரிந்திராது.

1938 ஜூன் 16-ல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிற்று. மின்சாரமும் ரேடியோவும் உள்ள அகத்துக்குத் தெருவே கூடி வரும். ஆனால் ரேடியோ கொடுத்ததை அப்போதே கேட்டுவிட வேண்டும். அடுப்பில் பால் பொங்கினால் அனுபல்லவி போயிற்று.

நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு அமெரிக்காவில் 1948-ல் வந்தது. நம்மவர்கள் அதன் பெருமையை உணர்ந்தது 1963-ல், ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் ஸ்ரீ வேங்கடேச ஸுப்ரபாதம் எச்.எம்.வி. தட்டாக வந்தபோது. திருமலையில் ஸந்நிதியில் மட்டும் கேட்ட துதி ஒவ்வொரு அகத்துக் கூடத்துக்கும் வந்துவிட்டது. பின்னர் 1979-80 வாக்கில் தேவஸ்தானத்தின் முயற்சியால் அதே அம்மையார் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா ஐந்து தட்டுகளாக வெளிவந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கல்லறையில் மௌனமாக இருந்த அன்னமாசார்யர், சாமானியர் வீட்டுக்குள் நுழைந்தது அந்தத் தட்டுகள் வழியாகத்தான்.

கேஸட் செய்த நன்மையும் நான் செய்த பிழையும்

தட்டை விலைக்கு வாங்கத்தான் முடியும். நாமே பதிவு செய்ய முடியாது. அந்தச் சுவரை உடைத்தது பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் வெளியிட்ட கேஸட். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டு வந்தார். 1978 மார்கழியில் எங்கள் கூடத்தில் தாத்தா நடத்திய பஜனையைத் தொண்ணூறு நிமிஷ கேஸட்டில் பதிவு செய்தார். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம் தோடய மங்களமும் குரு கீர்த்தனையும், மறுபக்கம் அஷ்டபதி. தாத்தா 1981-ல் காலமானார்.

1986-ல் எனக்குப் பதினைந்து வயது. ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டுகளைப் பிடித்துவைக்கக் காலி கேஸட் கிடைக்கவில்லை. அலமாரியில் பெயர் எழுதாத ஒரு கேஸட் இருந்தது. எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பதிவு செய்த பிறகுதான், மறுபக்கத்தைப் போட்டுக் கேட்டபோது தாத்தாவின் குரல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கேஸட்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

பெயர் எழுதாததால் போயிற்று. ஒரே பிரதி இருந்ததால் போயிற்று. செப்பேட்டில் ராகத்தின் பெயரும் வருஷமும் பொறித்தவர்கள் எவ்வளவு தீர்க்கதரிசிகள் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் உறைத்தது.

பாட்டு எண்ணாக மாறியது

1982-ல் ஸி.டி. வந்தது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதும் முறை அது. இதில் ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். மூன்று மணிக் கச்சேரிக்கு ஏறத்தாழ 1.9 கிகாபைட். 1990-களின் கணினிகளுக்கு இது பெரும் பாரம். எனவே காது கவனிக்காது என்று கருதும் நுட்பங்களை விட்டுவிட்டு, சாதாரணத் தரத்தில் நிமிஷத்துக்கு ஒரு மெகாபைட் அளவில் சுருக்கும் எம்.பி.3 முறையை ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தார் முக்கியப் பங்காற்றி உருவாக்கினார்கள். எதையும் விடாமல், மடித்து மட்டும் வைக்கும் ஃப்ளாக் என்ற முறை 2001-ல் வந்தது. அதில் அதே கச்சேரி சுமார் ஒரு கிகாபைட்டில் அடங்கும். வேட்டியைக் கத்தரிப்பதற்கும் மடித்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும்.

எண்ணாக மாறிய பாட்டை வாசிக்கப் பெரிய கணினி எதற்கு? 2005 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் பதினாறரை சென்டிமீட்டர் சதுரமும் ஐந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள மாக் மினியை வெளியிட்டது. வெளிநாட்டில் பலர் அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து ஆம்ப்ளிஃபையருடன் இணைத்தார்கள். அலுவலக இயந்திரம் கூடத்துச் சாமானாயிற்று. 2012 பிப்ரவரி 29-ல் இங்கிலாந்தின் கேம்ப்ரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கணினி கற்பதற்காகச் செய்யப்பட்ட, விஸிட்டிங் கார்டை விடச் சற்றே பெரிதான பலகை. அன்றைய விலை 35 டாலர். அதை ஸங்கீதப் பெட்டியாக்க உலகெங்கும் ஆர்வலர்கள் இலவச மென்பொருள்களை எழுதிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் 2017-ல் ஸரிகம நிறுவனம் 5,000 பாடல்களை நிரப்பிய கார்வான் பெட்டியைப் பழைய டிரான்ஸிஸ்டர் வடிவில் விற்கத் தொடங்கியது. ஸரிகம என்பது வேறு யாருமில்லை. தட்டு தயாரித்த அதே கிராமபோன் கம்பெனிதான் 2000-ல் பெயர் மாற்றிக்கொண்டது. உள்ளே கணினி, வெளியே ரேடியோ! என் தாயாரைப் போன்றவர்களின் மனம் அறிந்தவர்கள்.

எங்கள் அகத்துப் பெட்டி

நான் அமைத்தது ராஸ்பெரி பை. செய்ய விரும்பும் அன்பர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள். தொடக்கக் காலப் பலகைகளில் நேரடியாக வரும் ஒலி அவ்வளவு தெளிவாக இராது. எண்ணை ஒலியாக மாற்றும் தனிச் சிறு பலகை ஒன்றை அதன்மேல் பொருத்தினால் வீணையின் கமகம் தெளியும். மின்சாரச் செலவு மிகக் குறைவு; நாள் முழுக்க ஓடினாலும் கவலையில்லை. ஆனால் கரெண்ட் திடீரென்று போனால் இயங்குதளம் உள்ள நினைவு அட்டை கெட்டுப்போகலாம். எங்களுக்கு இரண்டு முறை கெட்டது. பாடல்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்ததால் பாட்டு தப்பித்தது. இப்போது சிறு பேட்டரி ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

இன்னொரு சங்கடம். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பாடகர், ஆல்பம் என்றுதான் கேட்கின்றன. ராகம், தாளம், பக்கவாத்தியம் எழுத இடம் கேட்டால் விழிக்கின்றன. ராகத்தின் பெயரை ‘வகை’ என்ற கட்டத்தில் நானே எழுதிக்கொண்டேன். தியாகராஜர் பெயரை நாலு விதமாக எழுதினால் நாலு தியாகராஜர் ஆகிவிடுவார். ஒரே எழுத்துமுறையைக் கடைசிவரை பின்பற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு பரண்மேல் இருந்த அந்தக் கேஸட்டை எடுத்தேன். பூஞ்சை பிடித்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் சுத்தம் செய்து, புதுக் கூட்டில் மாற்றி, ஒரு பக்கத்தை முழுமையாக எண்ணுருவில் எடுத்துக் கொடுத்தார். திருப்பதியில் இருக்கும் அத்தையை வரவழைத்துப் பெட்டியில் போட்டேன். 81 வயது அத்தை கண்ணை மூடிக்கொண்டு நாற்பத்தைந்து நிமிஷமும் அசையாமல் கேட்டாள்.

"அப்பா மூச்சு வாங்கறதுகூடக் கேக்கறதுடா" என்றாள். பிறகு, "அஷ்டபதி எங்கே?" என்றாள்.

சொல்லிவிட்டேன். பல வருஷம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அத்தை சற்று நேரம் பேசவில்லை.

"போனது போகட்டும். மிருதங்கம் யார்னு எழுதிண்டியா?"

எனக்குத் தெரியாது. என் தாயாருக்கும் தெரியாது. அத்தை சொன்னாள்: மிருதங்கம் யார், ஜால்ரா யார், இரண்டாவது கீர்த்தனையில் பின்பாட்டில் கீச்சென்று கேட்கும் குழந்தைக் குரல் யாருடையது என்று. அது என்னுடையதாம். ஒவ்வொன்றாகக் கணினியில் எழுதினேன்.

அன்பர்களே, உங்கள் பரணிலும் இப்படி ஒரு கேஸட் இருக்கும். பெட்டி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து வருஷத்தில் அதுவும் மாறிவிடும். ஒரு பிரதியை வீட்டிலும், மற்றொன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் வையுங்கள். தேதியும் ராகமும் எழுதுங்கள். பூட்டி வைக்காமல் போட்டுக் கேளுங்கள். பூட்டி வைத்ததன் பலனைத் திருமலையில் பார்த்துவிட்டோம். முக்கியமாக, குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கேளுங்கள். கேஸட்டை அடுத்த வருஷமும் சுத்தம் செய்யலாம். அத்தைக்கு வயது 81.