கையை ஆட்டுவிப்பது எது? – பெருமூளை வாதத்தை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு



பால்மரம் வெட்டிப் பழகிய கையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. என் தாயார் பேராக்கில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். கத்தி பட்டையின்மேல் ஓடும். சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கங்காணியின் ஏச்சும் கிடைக்கும். மேலோட்டமாகப் போனாலோ பால் வராது. ஆகவே அந்தக் கை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தது. ஒன்று, கத்தியை இழுப்பது. மற்றொன்று, அளவுக்கு மேல் இழுத்துவிடாமல் தடுப்பது. இழுக்கவும் தடுக்கவும் கட்டளை தந்தது எது? மூளைதான்.

இந்தக் கட்டளை சரிவரச் சென்று சேராத பிள்ளைகள் உண்டு. எங்கள் லயத்திலும் ஒருவர் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், ஆதலால் அண்ணன் என்றே அழைப்பேன். கால்கள் கத்தரிக்கோல் போல் பின்னிக்கொள்ளும். கை முறுக்கிக்கொள்ளும். பேச்சு குழறும். ஆயாக்கொட்டகையில் அவரைச் சேர்க்கவில்லை. பள்ளிக்கும் அனுப்பவில்லை. பாட்டி பார்த்துக்கொள்ள, வீட்டுப் பின்கட்டிலேயே கிடந்தார். போன பிறவியில் செய்த வினை என்றார் ஒருவர். கர்ப்பமாக இருந்தபோது தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றார் இன்னொருவர். மந்திரித்த கயிறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் மணிக்கட்டில் ஏறின. அந்தத் தாய் தலைகுனிந்தே நடந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

அவருக்கு நேர்ந்தது பெருமூளை வாதம். இது சாபமும் அல்ல, தொற்றுநோயும் அல்ல. வளர்ந்துவரும் மூளையில், கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த முதற்சில ஆண்டுகளிலோ ஏற்பட்ட சேதம். ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஏறத்தாழ இருவருக்கு இது நேரலாம். இதை மனிதர் எப்படிக் கண்டறிந்தனர் என்பதே இன்றைய பேச்சு.

இலண்டனில் 1810ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் ஜான் லிட்டில். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு அவருடைய ஒரு பாதம் வளைந்துபோயிற்று. மருத்துவம் படித்தும் தம் காலுக்கு மருந்து காணாமல், ஜெர்மனியில் ஸ்ட்ரோமயர் என்ற மருத்துவரைத் தேடிப் போனார். 1836இல் நடந்த சிறு அறுவையில் பாதம் நேரானது. ஊனத்தின் வேதனையைத் தாமே அறிந்தவர் ஆதலால், முறுக்கிய கைகால்களோடு வந்த பிள்ளைகளை அவர் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொரு தாயிடமும் பிறப்பின் கதையைக் கேட்டறிந்தார். குறைமாதம், கடினமான பிரசவம், பிறந்தவுடன் மூச்சு வராமை ஆகியவை பலருடைய கதையில் இருந்தன. 1861இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தில் இதை எடுத்துரைத்தார். காலில் தெரியும் குறையின் வேர் மூளையில் இருக்கலாம் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தியது. நெடுங்காலம் இதற்கு லிட்டில் நோய் என்றே பெயர் வழங்கிற்று.

மூளையில் எந்த இடம்? அந்த விடை பெர்லினில் கிடைத்தது. ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இரு மருத்துவர்கள் ஆய்வுக்கூட வசதி இல்லாமல் ஹிட்சிக்கின் வீட்டிலேயே சோதனை நடத்தினர். நாயின் மூளையில் ஓரிடத்தை மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது, உடலின் எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. அடுத்த இடத்தைத் தொட்டால் வேறொரு தசை அசைந்தது. இது 1870இல் நடந்தது. அசைவுக்கென்று மூளையில் தனி இடம் உண்டு என்பதும், மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது என்பதும் உறுதியாயின.

பின்னர் கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் மனித மூளையிலேயே இந்தப் படத்தை வரைந்தார். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து, மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். 1937இல் அவரும் போல்ட்ரியும் வெளியிட்ட விவரத்தில் ஒரு வியப்பு இருந்தது. முதுகு முழுவதற்கும் சிறு இடமே இருந்தது. கைவிரல்களுக்கும் உதடு நாக்குகளுக்கும் மிகப் பெரிய இடம் இருந்தது. கத்தி பிடிக்கவும் பேசவும் எவ்வளவு நுட்பம் தேவை என்பதற்கு அதுவே சான்று.

இனி அந்த அண்ணனின் கை ஏன் முறுக்கியது என்று விளங்கும். மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதையில் சேதம் ஏற்பட்டால், தடுக்கும் கட்டளை குறைந்துபோகிறது. தசை தளராமல் விறைத்தே நிற்கிறது. இது இசிவு வகை. இதுவே மிகுதி. மூளையின் அடியாழத்தில் இருக்கும் நரம்புக் கணுக்கள் கெட்டால், கைகால்கள் தாமாகவே நெளியும். சிறுமூளை கெட்டால் தள்ளாட்டம் வரும். சேதம் அசைவை ஆளும் இடத்தோடு நின்றுவிட்டால் அறிவுக்குக் குறை வராது. பிறருக்கு அறிவிலும் குறை இருக்கலாம். உடலைப் பார்த்து மட்டும் அதைத் தீர்மானிக்க முடியாது.

இங்கே ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். குற்றம் பிரசவத்துடையது என்பது லிட்டிலின் கருத்து. வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்ட் மறுத்தார். மனநூலால் பெயர் பெற்ற அவர், அதற்குமுன் பிள்ளைகளின் நரம்பு நோயை ஆராய்ந்தவர். 1897இல் எழுதிய நூலில், கருவிலேயே குறை ஏற்பட்டிருந்தால் அதனாலும் பிரசவம் கடினமாகலாம் அல்லவா என்று கேட்டார். அவர் சொல்லைக் கேட்டவர் சிலரே. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த பேராய்வின் விவரங்களை நெல்சன், எல்லன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டனர். பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் மட்டும் வந்தவை சிறு பகுதியே என்று தெரிந்தது. தோட்டத்து மருத்துவச்சிமீதும் தாயின்மீதும் பழிபோட்டுப் பழகிய நாம் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆயினும் தடுக்கக்கூடிய காரணமும் உண்டு. அது நம் நாட்டோடு நெருங்கியது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிகவும் ஏறினால், அந்தப் பித்த நிறமி மூளையின் அடியாழக் கணுக்களைத் தாக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர், மலாய்க்காரர் குழந்தைகளிடம் இக்குறை கூடுதல்; நம்மவரிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் வாடைகூட இக்குழந்தைகளின் இரத்த அணுக்களை உடைத்துவிடும். சிங்கப்பூரில் டாக்டர் வோங் ஹோக் பூன் முதலியோர் இதை ஆராய்ந்தனர். 1965இல் அங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினர். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இச்சோதனை உண்டு.

காமாலைக்கு ஒளிச் சிகிச்சையைக் காட்டியவர் ஒரு தாதி. இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வைப்பார். 1956இல் ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. மற்ற இடம் வெளுத்திருந்தது. அதிலிருந்து பிறந்ததே இன்றைய நீல விளக்கு. இதைக் கேட்டுக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வெயில் போதாது. கண்ணோ தோலோ மஞ்சளித்தால், அதிலும் பிறந்த முதல் நாளிலேயே மஞ்சளித்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், உடனே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

சேதம் ஏற்பட்ட பிறகு என்ன செய்வது? செத்த மூளைப்பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் இளம் மூளை மாற்றுப்பாதை தேடுகிறது. பிறக்குமுன் ஒரு பக்கம் சேதமடைந்த சிலருக்கு, நல்ல பக்கமே இரு கைகளையும் ஆள முயல்வதை இன்றைய கருவிகள் காட்டுகின்றன. ஆகவே பயிற்சிக்குப் பயன் உண்டு. பிறர் பிடித்து ஆட்டிவிடுவதைவிட, கரண்டி பிடிப்பது, பொத்தான் போடுவது போன்ற வேலையைப் பிள்ளை தானே முயன்று பலமுறை செய்வதே சிறந்தது.

இதற்குத் தாய்மாரே வழிகாட்டினர். பம்பாயில் மிது ஆலூர் தம் மகள் மாலினிக்காகப் பள்ளி தேடி அலுத்து, 1972இல் தாமே இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் தொடங்கினார். மாலினி சிப் பின்னர் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்று, ஒரே விரலால் தட்டித் தட்டித் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய நிலையமே இன்றைய வித்யாசாகர். ஒரு கார்க் கொட்டகையில் மூன்று பிள்ளைகளோடு தொடங்கியது அது.

நம் நாட்டில் 1984இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. பிடிகே என்று நாம் அழைக்கும் நிலையங்கள் அதன் வழிவந்தவை. ஈப்போ பெர்ச்சாமில் சுல்தான் இட்ரிஸ் ஷா பெயரால் ஓர் அறவாரியமும் உண்டு. ஊனமுற்றோர் சட்டம் 2008இல் வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பியனுப்பலாகாது என்ற கொள்கை 2019இல் நடப்புக்கு வந்தது. சமூகநல இலாகாவில் பதிந்து ஓகேயூ அட்டை பெற்றுக்கொள்வது முதற்படி.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. லயங்களும் இல்லை. ஆனால் ஒரு காட்சி மட்டும் நிற்கிறது. சிறுவயதில் நான் பள்ளிப்பாடக் கதையை உரக்கப் படிப்பேன். தென்னாலிராமன் கதையில் சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு ஒரு நொடி முன்பே, பின்கட்டிலிருந்து அந்த அண்ணனின் சிரிப்பு கேட்கும். முடிவை அவர் எனக்கு முன்பே ஊகித்துவிட்டார். லயத்தில் அதைக் கேட்காதவர் இல்லை. ஆனால் இவனைப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அழைத்து வாருங்கள். பள்ளியில் இடம் கேளுங்கள். இல்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். அந்தத் தாய் தலைகுனிய வேண்டிய காரணம் எதுவும் இல்லை.