மழைநீர் வழிந்தோட்டத்தில் நைட்ரஜன் நீக்கம்

வயல், தெரு, மாட்டுக்கொட்டகை ஆகியவற்றை அலசிக்கொண்டு ஓடும் மழைநீரில் நைட்ரேட்டும் அம்மோனியமும் கரைந்திருக்கும். அந்நீர் ஏரியையோ கிணற்றையோ சேருமுன் வடிபடுகையின் வழியே செலுத்தி, அவற்றை அகற்றுவதே இம்முறை. மணலும் ஜல்லியும் மட்டும் நிரப்பிய வடிகட்டி நீரைத் தெளியவைக்கும், நைட்ரேட்டை நீக்காது. அதை நீக்குபவை படுகைக்குள் வாழும் நுண்ணுயிரிகளே.

களமருதூர் வட்டாரச் சூழல்

எடுத்துக்காட்டாக, களமருதூர் என்னும் ஊர் அமைந்துள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நெல், கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை முக்கியப் பயிர்கள். கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் நீர் வெள்ளாற்றைச் சேர்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20.7 கிலோ நைட்ரஜன் உள்ளது. சம்பாவுக்கு மேலுரம் இட்ட மறுநாளே வடகிழக்குப் பருவமழை கொட்டினால், பயிர் எடுக்காத உரம் வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகிறது. ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டுகின்றன. எஞ்சியது மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியாகக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் அடைகிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குன்றி, உடல் நீலம் பாயும். கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஹன்டர் காம்லி 1945இல் எடுத்துக்காட்டினார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கை, நாட்டில் நைட்ரேட் மிகுந்த 15 மாவட்டங்களுள் விழுப்புரத்தையும் குறிப்பிட்டது. கள்ளக்குறிச்சி 2019 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

இயங்கும் விதம்

நீக்கம் இரு கட்டங்களில் நடக்கிறது. காற்றோட்டமுள்ள மேல் மணலில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர் நிறைந்து காற்றுப் புகாத அடிப்படுகையில் சூடோமோனாஸ் முதலியவை, சுவாசிக்க ஆக்சிஜன் இல்லாததால், நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. நைட்ரஜன் வாயுவாகி, காற்றோடு கலந்துவிடுகிறது. இதற்கு அவற்றுக்குக் கரிமப்பொருள் உணவாக வேண்டும்.

அமைப்பும் பொருட்களும்

முதலில் வண்டல் தங்கும் தொட்டி. அடுத்து ஒரு குழிக்குள் மணல் அடுக்கு. அதன்கீழ் ஜல்லியோடு கலந்த மரச்சில்லு. வெளியேறும் குழாய் குழியின் அடியிலிருந்து தொடங்கினாலும், எல்போ (வளைவு இணைப்பு) போட்டு மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு உயரத்துக்குக் குழிக்குள் நீர் தேங்கி நிற்கும். இந்தச் சிறு வளைவும் மரச்சில்லும் சேர்ந்தே சாதாரண வடிகட்டியை நைட்ரேட் நீக்கும் படுகையாக்குகின்றன.

கனடாவின் ஒன்டாரியோவில் வில்லியம் ராபர்ட்சன், ஜான் செர்ரி இருவரும் மரத்தூள் கலந்த படுகைகளின் பயனை 1995இல் வெளியிட்டனர். மத்திய புளோரிடா பல்கலைக்கழகம் மணல், களிமண், பழைய டயர்த் துகள் ஆகியவற்றைக் கலந்து மழைநீர்க் குட்டைகளுக்கான வடிபொருளை உருவாக்கியது. நியூசிலாந்து ஆய்வுகளில் மக்காச்சோளச் சக்கை மரச்சில்லைவிடப் பல மடங்கு வேகமாக நைட்ரேட்டை நீக்கியது. ஆனால் விரைவில் மட்கியது. மணி உதிர்த்த சக்கை மிஞ்சும் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு இது கருதத்தக்க செய்தி. நுண்ணுயிரிகள் வெப்பத்தில் விரைந்து இயங்குவதால் இங்குள்ள தட்பவெப்பமும் துணைசெய்யும்.

வரம்புகள்

கோடையில் படுகை வறண்டால் காற்றுப் புகுந்து மரச்சில்லு வேகமாக மட்கும். புதுப் படுகையிலிருந்து முதலில் பழுப்பு நீர் வரும். அதைக் கிணற்றுக்குள் விடலாகாது. பெருமழையில் நீர் தங்காமல் பாய்ந்தோடினால் பயன் குறையும். மாற்றம் பாதியில் நின்றால் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகும்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீர் பெரும்பாலும் தூயது; அதற்கு மணல், ஜல்லிக் குழி போதும். அதே குழியை வயல்நீருக்கும் வெட்டி ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்தால், தெளிந்த நீரோடு நைட்ரேட்டும் நிலத்தடிக்குப் போகும். நீர் தெளிந்திருப்பதை மட்டும் நம்பாமல், சோதித்துப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். உரத்தைப் பிரித்து இடுவதும், மழை வரும் நாளைப் பார்த்து இடுவதும் எந்தப் படுகைக்கும் முந்தைய காப்பு.