ஓடுவது பெரிசில்லை... நிற்பதுதான்!

கார் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ‘மைலேஜ் எவ்வளவு? பிக்கப் எப்படி? சன்ரூஃப் உண்டா?’ என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ‘நூறில் போகும்போது பிரேக் போட்டால் எத்தனை மீட்டரில் நிற்கும்?’ என்று கேட்பவர் அபூர்வம். நிற்காமல் எங்கே போய்விடும் என்ற நம்பிக்கைதான்! அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

முதலில், 1888 ஆகஸ்ட் மாதத்து ஜெர்மனிக்குப் போவோம். கார்ல் பென்ஸ் என்ற என்ஜினீயர் மோட்டார் வண்டி செய்துவிட்டார். வாங்கத்தான் ஆளில்லை. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் பார்த்தார். கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸைமுக்குக் கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். மேடு பள்ளத்தில் இறங்கி இறங்கி, மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அம்மணி அசரவில்லை. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டை மேல் தோலை அடிக்கச் சொன்னார். இன்று நாம் ‘பிரேக் லைனிங்’ என்று சொல்கிறோமே, அதன் பிறப்பு இப்படித்தான்!

அடுத்த முப்பது வருஷத்தில் என்ஜின்கள் எங்கேயோ போய்விட்டன. ஆனால் பிரேக்? பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். முன் சக்கரத்தில் பிரேக் வைத்தால் வண்டி குட்டிக்கரணம் அடித்துவிடும் என்று பயந்தார்கள்.

உண்மை நேர் எதிர். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? முன்பக்கம்தானே! காரின் எடையும் அப்படித்தான் முன்னால் போய் விழுகிறது. பின் சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்பு குறைந்துவிடுகிறது. ஆக, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. அதற்குப் பிரேக்கே இல்லாமல் உலகம் ஓடிக்கொண்டிருந்தது!

1921-ல், பிரான்சில் லீ மான் நகரில் நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்தில், ஜிம்மி மர்ஃபி என்ற அமெரிக்கர் டூசன்பெர்க் காரில் ஜெயித்தார். நான்கு சக்கரங்களிலும், திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குகள் இருந்த கார் அது. இனிமேலாவது எல்லோரும் பாய்ந்து வாங்கியிருக்க வேண்டுமே? அதுதான் இல்லை.

எட்டி ரிக்கன்பேக்கர் என்று ஒரு வீரர். முதல் உலகப் போரில் 26 எதிரி விமானங்களையும் பலூன்களையும் வீழ்த்தியவர். போர் முடிந்து தன் பெயரிலேயே கார் கம்பெனி ஆரம்பித்தார். 1923-ல் நான்கு சக்கரப் பிரேக்கைக் கொண்டுவந்தார். போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ‘இது ஆபத்து’ என்று பிரசாரத்தில் இறங்கின. ஜனங்கள் மிரண்டார்கள். இதுவும் வேறு சில காரணங்களும் சேர, 1927-ல் கம்பெனி மூழ்கியது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் மற்ற கம்பெனிகளும் நான்கு சக்கரப் பிரேக்குக்கு மாற ஆரம்பித்திருந்தன! ஹென்றி ஃபோர்டு மட்டும், திரவத்தை நம்பாமல் கம்பியையும் தண்டையுமே நம்பினார். ஃபோர்டு கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வர 1939-ஆம் வருஷ மாடல் வரை ஆயிற்று.

ஆனால், ஜனங்கள் பயந்ததில் ஒரு துளி நியாயமும் உண்டு. நீங்கள் சட்டென்று நின்றுவிடலாம். உங்கள் பின்னால் வருகிறவர்? அந்தக் காலத்தில் நான்கு சக்கரப் பிரேக் உள்ள கார்களின் முதுகில் ‘ஜாக்கிரதை, நான்கு சக்கரப் பிரேக்’ என்று எழுதி மாட்டியிருந்தார்கள்!

இதன் கொடூரமான முகத்தை உலகம் பார்த்தது 1955 ஜூன் 11-ஆம் தேதி. அதே லீ மான், 24 மணி நேரப் பந்தயம். மைக் ஹாதார்னின் ஜாகுவாரில் டிஸ்க் பிரேக். லான்ஸ் மேக்ளினின் காரை முந்திய கையோடு, பிட்டுக்குள் நுழைவதற்காக ஹாதார்ன் பிரேக் போட்டார். மேக்ளின் தவிர்ப்பதற்காக ஒதுங்கினார். பின்னால் அதிவேகத்தில் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் அவர் கார்மீது ஏறி, பறந்து, மண் கரையில் மோதிச் சிதறியது. லெவேயும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். யார் மேல் தப்பு என்று இன்றும் சண்டை. குறுகலான பாதை, அசுர வேகம் என்று பல காரணங்கள். ஆனால் ஒன்று நிச்சயம்... ஒரே சாலையில் ஓடும் கார்கள் ஒரே மாதிரி நிற்பதில்லை.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். 1994-ல் டொயோட்டாவின் ராவ்4 வந்தது. ஜீப் மாதிரி உயரம், கார் மாதிரி சொகுசு. ‘கிராஸ்ஓவர்’ என்று பெயர். இன்று ஊரெல்லாம் அந்த ஜாதிதான். நடுத்தர அளவு கிராஸ்ஓவர் ஒன்று 1,800 கிலோ என்று வையுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஒரு தடவை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பத்தில் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! சில விநாடிகளில் அவ்வளவையும் பிரேக்குகள் விழுங்க வேண்டும். வண்டி உயரமென்பதால் எடை முன்னால் சாய்வதும் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்கு. மலைப்பாதையில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால், சூட்டில் பிரேக் சோர்ந்துவிடும். வருஷக்கணக்கில் மாற்றாத பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், கொதித்து ஆவியாகி, பெடல் ‘பொசுக்’கென்று உள்ளே போகும். ஆகவே, இறக்கத்தில் கியரைக் குறையுங்கள். திரவத்தைக் காலாகாலத்தில் மாற்றுங்கள்.

1978-ல் மெர்சிடிஸ் காரில் பாஷ் கம்பெனியின் ஏ.பி.எஸ். வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சாதனம். அப்புறமும் விபத்துகள் நின்றபாடில்லை. ஆராய்ந்தபோது ஒரு சங்கதி தெரிந்தது. ஆபத்து நேரத்திலும் பெரும்பாலானோர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பதில்லை! அதற்காகவே 1996-ல் ‘பிரேக் அசிஸ்ட்’ வந்தது. நீங்கள் பதறி மிதித்தால் மிச்சத்தை அது மிதிக்கும்.

பெர்த்தா காலத்தில் பிரேக் தேய்ந்தது, கால் தேவலை. இப்போது பிரேக் தேவலை, கால்தான் தயங்குகிறது. அடுத்த தடவை ஷோரூமுக்குப் போனால், நிற்கும் தூரத்தையும் கேளுங்கள். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் விடுங்கள். எந்தக் கம்பெனியாலும் விற்க முடியாத பிரேக் அது ஒன்றுதான்!