கண்மாயை மேலேயிருந்து அளக்கறது

இன்னிக்கு கூகுள் எர்த்தைத் திறந்தா எங்க திருத்தங்கல் கண்மாய்க்கரை, தள்ளித் தள்ளி நிக்கிற பட்டாசு அறைகள் எல்லாமே தெரியுது. 2005க்கு முன்னாடி? பெரும்பாலும் விமானத்துலேர்ந்து எடுத்த படங்கள்தான். அதுவும் பாதுகாப்பு அமைச்சக அனுமதி இல்லாம கிடைக்காது. ஊர்க் கண்மாயை ஊர்க்காரனே அளக்க முடியாதுன்னா, எனக்கு அநியாயமாத்தான் படுது.

அந்தப் படங்களைப் படிக்கச் சொல்லித்தர 1966ல் சர்வே ஆஃப் இந்தியாவின் கீழ், நெதர்லாந்து உதவியோட டேராடூன்ல ஒரு நிறுவனம் தொடங்கினாங்க. (இப்போ இஸ்ரோவின் ஐ.ஐ.ஆர்.எஸ்.) பாடம் சுவாரசியமானது. அடுத்தடுத்த ரெண்டு படத்துல சுமார் 60 சதவீதம் ஒரே இடம்தான் இருக்கும். ஸ்டீரியோஸ்கோப்ல கண்ணுக்கு ஒண்ணா வச்சுப் பார்த்தா, தட்டையா கிடந்த குன்று எழும்பி நிக்கும்! அளக்க வகுத்தல் போதும்: லென்ஸின் குவியத்தூரம் 15 செ.மீ., தரைக்கு மேல் 3,000 மீட்டர் உயரம்னா 1:20,000. படத்துல 1 செ.மீ., தரையில 200 மீட்டர். மேடுபள்ளம் வந்தா கணக்கு மாறும், அதுதான் தலைவலி.

இதுக்கு என்ன பயன்னு கேக்கறீங்களா? 1970ல் பிஷரோட்டி குழு கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டர்லேர்ந்து அகச்சிவப்பு ஃபிலிம்ல படமெடுத்தது. வேர் வாடல் நோய் தாக்கின மரங்கள் படத்துல தனியாத் தெரிஞ்சுது. தரையில ஒவ்வொரு மரமா போய்ப் பார்க்க வேண்டிய வேலை அது.